மாப்பிள்ளைப் பத்தியம்

தங்கமுத்து வீட்டுக்கு மாப்பிள்ளை வந்த தை மாதத்தில், அந்தக் குறிச்சியில் இருந்த அத்தனை பேரும் ஒரு தடவையாவது அவள் வாசல் படலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். வந்தவன் லேசுப்பட்டவன் அல்லவே! கரவெட்டித் தியாகராசா. மூன்று மைல் ஓட்டத்தில் அவனுக்கு முன்னால் ஓடிய ஒருவனைக் கண்டதாக வடமராட்சியில் எவரும் சொல்லமாட்டார்கள். சிறு வயதிலிருந்தே தகப்பனின் புகையிலைத் தோட்டத்தில் துலா மிதித்தவன். கிணற்றுக்கு மேலே அந்த மரத்தில் முன்னும் பின்னும் நடந்து நடந்து உரமேறிய கால்கள். அந்தக் கால்களுக்கு மாமியாராக ஏழெட்டுப் பேர் ஆசைப்பட்டார்கள். கொடுத்துவைத்தது தங்கமுத்துவுக்கு.

அவள் விதவை. புருஷன் கனகசபாபதி சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்றவர். பத்து வருஷத்துக்கு முன் நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டார். செத்த வீட்டுக்கு வந்த அவருடைய தமக்கை இரத்தினம்மா, ஒப்பாரியை நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு, "இனி இந்த வீட்டிலை ஒரு ஆம்பிளை இருந்து சாப்பிட்டு எழும்பிறதை ஆர் காணப்போகினம்" என்றாள். அனுதாபத்தில் சொன்னாள் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தங்கமுத்துவுக்கு அது முள்ளாகத் தைத்தது, தைத்தபடியே இருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆகவே தங்கமுத்து தன் ஒரே மகள் குணலட்சுமிக்கு வீட்டையும் வளவையும் எழுதிக்கொடுத்து, ஊரே பேர் சொல்லும் ஒருவனைக் கொண்டுவந்து பாய் போட்டு இருத்தினாள். தன் வீட்டுச் சோற்றைத் தின்று அவன் இன்னும் வேகமாக ஓடவேண்டும், அதை இரத்தினம்மா இரண்டு கண்ணாலும் பார்க்கவேண்டும். வாழ்க்கையில் அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்கு வாய்ப்பும் தேடி வந்தது. அந்த வருஷம் சித்திரை முடிவில் இலண்டனில் புது ராசாவுக்கு முடிசூட்டு. அதைக் கொண்டாட யாழ்ப்பாணம் முற்றவெளியில் விளையாட்டுப் போட்டி என்றும், மூன்று மைலில் முதலாவதாக வருகிறவனைக் கொழும்புக்கு அனுப்பப்போகிறார்கள் என்றும் செய்தி வந்தது. ஊருக்குத் தலைகால் தெரியவில்லை. தியாகராசா கரவெட்டியான் என்பதை ஒரே நாளில் மறந்து, "எங்கடை ஊர் மாப்பிள்ளை" என்று கொண்டாடத் தொடங்கினார்கள்.

தங்கமுத்து அன்றே சந்தைக்குப் போய் இரங்கூன் வெள்ளைப் பச்சையரிசி ஒரு மூட்டை வாங்கினாள். அதுவரைக்கும் அந்த வீட்டில் வெந்தது, தானே உரலில் குத்திக்கொண்ட சிவப்புப் புழுங்கலரிசி. அதை ஒரு மாப்பிள்ளையின் இலையில் போட அவளுக்குக் கை கூசியது. வெள்ளையரிசியைச் சுளகில் கொட்டிக் கல்லும் குறுநொயும் பொறுக்கி, ஏழு தண்ணீர் விட்டுக் கழுவுவாள். முதல் தண்ணீர் பால் மாதிரிப் போகும். ஏழாவது தண்ணீர் கிணற்றில் அள்ளியபடி தெளிவாக நிற்கும்போதுதான் அவளுக்கு மனம் ஆறும். பிறகு உலையில் போட்டு, வெந்ததும் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுவாள். சோறு மல்லிகைப்பூப் போல உதிர் உதிராக விழும். கழுவிய தண்ணீரும் வடித்த கஞ்சியும் கொட்டிலில் நின்ற பசுவுக்குப் போயின.

மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்று கதைப்பது வழக்கமில்லை. பரிமாறுவதெல்லாம் குணலட்சுமி. தங்கமுத்து குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, இலையில் எத்தனை பிடி போயிற்று என்பதை மட்டும் பார்ப்பாள். "இன்னும் ரண்டு அகப்பை போடு" என்று கண்ணால் சாடை காட்டுவாள். அவன் தலை நிமிராமல் சாப்பிடுவான். நல்ல வளர்ப்பு. மாமியார் வீட்டில் இது வேண்டும், அது வேண்டாம் என்று வாய் திறக்கிறவனை நாங்கள் மாப்பிள்ளை என்று சொல்லமாட்டோம், அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

தொடக்கத்தில் கறிகளும் இருந்தன. முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, கீரிமீன் குழம்பு எல்லாம் இலையைச் சுற்றி வந்தன. அவற்றைப் பிடுங்கியது யார் என்று பின்னால் விசாரிக்கத் தொடங்கியபோது எல்லாரும் கையை விரித்தார்கள். ஆனால் பிடுங்கத்தான் பிடுங்கினார்கள், ஒவ்வொருவராக வந்து, அக்கறையோடு.

முதலில் வந்தவர் ஊருக்கு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் பொன்னம்பலம். நாடி பார்த்தார். மாப்பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லி முழங்கால் மடிப்பைத் தடவினார்.

"பிள்ளை தங்கமுத்து, ஓடுற ஆளுக்கு வாயு சத்துரு. பருப்பு, பயறு, உளுந்து வாசனையும் காட்டாதை. கீரை குளிர். கீரை திண்டவனுக்குக் காலிலை வாதம் இறங்கும்" என்றார்.

"கத்தரிக்காய்?" என்று கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டாள் தங்கமுத்து.

"கிரந்தி. உடம்பெல்லாம் சொறி கிளப்பும். அதைச் சொல்லவும் வேணுமே?"

அதோடு விட்டாரா ஊரார்? மாம்பழமும் தேசிக்காயும் புளி, புளி நரம்பைத் தளர்த்தும் என்றார் தபாற்கந்தோர்க்காரர். பால் சளி கட்டும், மூச்சு வாங்கும் என்றாள் இரத்தினம்மா. அவள் கூட இந்த நல்ல காரியத்தில் பங்கெடுக்காமல் இருக்கவில்லை. குரக்கன் என்கிற கேழ்வரகு வேண்டவே வேண்டாம், அது கூலிக்காரன் சாப்பாடு என்று எல்லாரும் ஒருமிக்கச் சொன்னார்கள். மீனும் முட்டையும் மிச்சமாய் நின்றன. அவற்றை நிறுத்தியது தங்கமுத்துவேதான். ஓட்டம் முடியும் வரைக்கும் வீடு சைவம் என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தாள்.

மாசி மாதம் முடியும்போது மாப்பிள்ளையின் இலையில் வெள்ளைச் சோறும், நெய்யும், சீனியும், பொரித்த அப்பளமும் இருந்தன. காலையில் எழும்பியதும் சீனி போட்ட வெறும் தேத்தண்ணீர். இதைப் பத்தியம் என்று ஊர் சொன்னது. அவளுக்கு இது பூசை. சாமிக்குப் படைக்கிறது போலத்தான் படைத்தாள்.

எச்சரிக்க ஆளே இருக்கவில்லை என்று சொல்லமுடியாது. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த கனகரத்தினம், ஊர் வாலிபர் சங்கத்தின் செயலாளர். ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, ஒரு தாளை நீட்டினான்.

"அக்கா, இது விற்றமின் கணக்கு. சோத்திலை மட்டும் சத்தில்லை எண்டு வெள்ளைக்காரர் கண்டுபிடிச்சிருக்கினம். ஏ, பீ, சீ எண்டு கனக்க இருக்கு. ஓடுறவனுக்கு இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து எல்லாம் வேணும்."

"இரும்பும் சுண்ணாம்பும் திண்டால் வயித்துக்குள்ளை வீடு கட்டலாம்" என்றாள் தங்கமுத்து. குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பகிடி இல்லை அக்கா. உந்த பீ விற்றமின் இல்லாட்டில் கால் நரம்பு செத்துப்போமாம். அது தவிட்டிலைதான் கூட இருக்கு. வெள்ளையரிசியை விட்டிட்டு, உங்கடை குத்தரிசியைக் குடுங்கோ. கொஞ்சம் தவிட்டையும் மாவாக்கி—"

அவள் முகம் மாறியது. "தம்பி கனகரத்தினம், தவிடு ஆருக்கு வைக்கிறது?"

"மாட்டுக்குத்தான். ஆனால்—"

"என்ரை மருமோன் மாடோ?"

கனகரத்தினம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். நல்ல பையன், ஆனால் தைரியம் போதாது. தாளைக் குணலட்சுமியிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அன்றைக்கு அவன் இன்னும் கால் மணி நேரம் நின்று சண்டை பிடித்திருக்கலாம். இதைப் பின்னால் அவனே சொல்லிச் சொல்லி மாய்ந்தான், சொல்லி என்ன பயன்? தாள் அடுப்புக்குப் போயிற்று.

பங்குனியில் ஒரு நாள் பின்னேரம், தங்கமுத்துவும் மகளும் குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து, பனங்கிழங்கு மாவில் காய்ச்சின ஒடியற் கூழ் குடித்தார்கள். மாப்பிள்ளைக்குத்தான் பத்தியம், அவர்களுக்கு என்ன? நேர்த்தியை மதித்து மீன் போடவில்லை. பயித்தங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் போட்டு, செத்தல் மிளகாய் அரைத்துக் கரைத்த கூழ். பலாவிலையைக் கோலித் தங்கமுத்து வாயில் வைக்கிற நேரம், ஓடப் போயிருந்த தியாகராசா பின்வேலிப் பக்கத்தால் வந்து நின்றான். வேர்வை வழிந்தது. அவன் பார்த்தது பெண்சாதியை அல்ல, பானையை.

"என்ன, கூழோ?" என்று குணலட்சுமியிடம் கேட்டான்.

தங்கமுத்துவுக்கு உயிர் போய்விட்டது. மாப்பிள்ளை கண்ணில் படும்படி கூழ் குடிக்கிற வீடு என்று கரவெட்டியில் கதை போகாதா? முந்தானையால் பானையை மூடினாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு மகளுக்குச் சொன்னாள்: "மாட்டுக்குக் காய்ச்சினது எண்டு சொல்லு."

குணலட்சுமி சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நாலு முழத்தில் நின்றவனுக்குக் கேட்டுவிட்டது. அவன் மூடிய பானையை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு கிணற்றடிக்குப் போனான்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குணலட்சுமி தாயிடம் வந்தாள். "அம்மா, அவருக்குக் கறி வைச்சால் என்ன? பருப்பெண்டாலும்."

"கேட்டவரோ?"

"வாயாலை கேக்கேல்லை."

"வாயாலை கேக்க விட்டால் அது எங்கடை வீட்டுக்கு வெக்கம். பரியாரியார் சொன்னதை விட உனக்குக் கூடத் தெரியுமோ? இன்னும் ஒரு மாசம். ஓடி முடியட்டும், ஆடு அடிச்சுப் போடுறன்."

சித்திரை பிறந்தது. தியாகராசா வருஷப் பிறப்புக்குப் புதுவேட்டி கட்டிக் கோயிலுக்குப் போனபோது, பார்த்தவர்கள் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். எலும்பும் தசையுமாய் வந்தவனுடைய முகம் உருண்டு பளபளத்தது. கணைக்கால்கள் தூண் மாதிரித் திரண்டு நின்றன. "மாமியார் வீட்டுச் சாப்பாடெண்டால் இது சாப்பாடு" என்றார் பரியாரியார். "மருமோன் பூரிச்சுப்போனார் மச்சாள்" என்று இரத்தினம்மாவே சொன்னாள். வயிறெரிந்துதான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள். தங்கமுத்து அன்று கோயிலில் கும்பிட்டது அரைவாசி, கேட்டது அரைவாசி. இருக்கிற பெருமையெல்லாம் காதுக்குள் போய்க்கொண்டிருந்தபோது கந்தனை யார் நினைப்பார்கள்?

ஓடுகிற நேரம் கூடிக்கொண்டு போனது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் கனகரத்தினம். மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவன் அவன்தானே. வெயில் கொடுமை என்று தியாகராசா சொன்னான், இவனும் நம்பினான். நெஞ்சு படபடக்கிறது என்றும் ஒருநாள் சொன்னானாம்.

போட்டிக்கு முதல் கிழமை, குணலட்சுமி அவனுடைய கால்களுக்கு நல்லெண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தாள். எழும்பித் தாயிடம் வந்தாள். கையெல்லாம் எண்ணெய்.

"அம்மா, அவரின்ரை காலிலை விரல் வைச்ச இடமெல்லாம் குழி விழுகுது. எடுத்தாலும் குழி அப்பிடியே நிக்குது."

"எண்ணெய் பிடிக்குது பிள்ளை. சதை இளகினால் அப்பிடித்தான்."

"விரல் விறைக்குதெண்டும் சொல்லுறார்."

"கண் பட்டிருக்கும். செத்தல் மிளகாய் சுத்திப் போடுறன்."

சுற்றிப் போட்டாள். நாவூறு இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பார்கள். நெடி அடிக்கவில்லை என்றுதான் தங்கமுத்து சொன்னாள். பக்கத்தில் நின்ற குணலட்சுமி கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினாள்.

முடிசூட்டு நாளன்று ஊர் முழுவதும் வண்டி கட்டிப் போனது. தங்கமுத்து தன் வண்டியில் இரத்தினம்மாவுக்கும் இடம் கொடுத்தாள். வருந்தி அழைத்துத்தான் கொடுத்தாள். முற்றவெளி ஓரத்தில் வேப்பமரத்துக்குக் கீழே வண்டியை விட்டு, அதில் கட்டிய தட்டி மறைப்புக்குப் பின்னால் இருந்து மூன்று பெண்களும் பார்த்தார்கள். கோட்டைப் பக்கம் வெடி கேட்டது. பதினெட்டுப் பேர் புறப்பட்டார்கள். முதல் சுற்றில் தியாகராசாதான் முன்னுக்கு. ஊர்ச்சனம் போட்ட சத்தத்தில் எருதுகள் மிரண்டன.

"பாத்தீங்களே மச்சாள்?" என்றாள் தங்கமுத்து. பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்தது அந்த இரண்டு சொல்லில் இறங்கிப் போயிற்று. அந்தச் சந்தோஷம் அவளுக்கு ஒரு சுற்று நேரம் இருந்தது.

இரண்டாவது மைலில் அவனுடைய கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. குதி முதலில் பட்டுப் பெருவிரலால் உந்தி எழும்புகிற ஓட்டம் அவனுடையது. இப்போது பாதம் முழுவதும் சப்பென்று நிலத்தில் விழுந்தது. ஒருவன் முந்தினான். இன்னும் மூன்று பேர் முந்தினார்கள். வேப்பமரத்துக்கு நேரே வந்தபோது அவன் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்ததைத் தட்டியின் இடுக்கால் தங்கமுத்து கண்டாள். உதடு நீலம். பத்தடி தாண்டி முகங்குப்புற விழுந்தான். எழும்பினான். திரும்பவும் விழுந்தான். குணலட்சுமி தட்டியைத் தள்ளிக்கொண்டு குதித்து, அத்தனை ஆண்களுக்கு நடுவே தலைவிரி கோலமாய் ஓடினாள்.

ஆசுபத்திரியில் டொக்டர் செபநாயகம் மெதுவாகக் கதைக்கிற மனிதர். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. கணைக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். விழுந்த குழியைத் தானும் பார்த்து, மற்றவர்களும் பார்க்கும்படி விட்டுவைத்தார். பிறகு கேட்டார்: "இவர் என்ன சாப்பிடுறவர்?"

கனகரத்தினம் வாய் திறக்கமுன் தங்கமுத்து முன்னுக்கு வந்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இருந்தது.

"இரங்கூன் வெள்ளைப் பச்சையரிசி ஐயா. ஏழு தண்ணி விட்டுக் கழுவி, கஞ்சி வடிச்சு, நெய்யும் சீனியும் போட்டு. மூண்டு நேரமும்."

"கறி?"

"ஒண்டும் இல்லை ஐயா. பத்தியம்."

"பருப்பு? கீரை? முட்டை, பால், பழம்?"

ஒவ்வொன்றுக்கும் அவள் இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். தான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை அவர் விளங்கிக்கொள்கிறார் என்று நினைத்தாள். கடைசி இல்லையில்தான் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இது பெரிபெரி. சிறையிலை கிடக்கிற மறியல்காரருக்கும் கப்பலிலை போறவைக்கும் வாற வியாதி. வெறும் வெள்ளைச்சோறு திண்டால் வரும். அதிலை இருந்த கொஞ்ச நஞ்சச் சத்தையும் நீங்கள் கழுவி ஊத்திப்போட்டியள். இந்த உடம்பு ஓட ஓட, இல்லாத சத்தைத் தேடித் தேடி நரம்பையே திண்டிருக்கு. இது சதை இல்லை, நீர்."

"ஓடுவாரோ ஐயா?" என்றான் கனகரத்தினம்.

"உயிர் தப்பிறதே பெரிய காரியம். இருதயம் வீங்கிப்போச்சு. தவிட்டுக் கஞ்சியும் பயறும் குடுக்கச் சொல்லுறன், நடப்பார். ஓட்டத்தை மறக்கச் சொல்லுங்கோ."

கனகரத்தினம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் எழுதிக் குடுத்தனான்" என்றான். யாருக்கும் சொல்லவில்லை, சும்மா சொன்னான்.

டொக்டர் சொன்னது ஊருக்கு வந்து சேர்ந்தபோது எப்படி வந்தது தெரியுமா? வெள்ளையரிசி, ஏழு தண்ணீர், தவிடு எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோயின. மறியல்காரருக்கு வருகிற வியாதி என்பது மட்டும் வந்தது. சாப்பாட்டில் சத்தில்லை என்பது, சாப்பாடில்லை என்று ஆயிற்று. தங்கமுத்து மாப்பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டாளாம். வீட்டை எழுதிக் கொடுத்த வயிற்றெரிச்சலில் அரிசியைப் பிடித்துக்கொண்டாளாம். தாயும் மகளும் குசினிக்குப் பின்னால் ஒளித்திருந்து கூழ் குடித்தார்களாம், அவன் கேட்டதற்கு மாட்டுக்கு என்றார்களாம். இது எப்படி வெளியே போனது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். அந்தப் பின்வேலிக்கு அப்பால் இரத்தினம்மாவின் வெங்காயப் பாத்தி இருந்தது.

பரியாரியாரிடம் நேரே போனாள். "நீங்கள்தானே பருப்பை நிறுத்தச் சொன்னது. நாலு பேருக்குச் சொல்லுங்கோவன்" என்றாள்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டு யோசித்தார். "பத்தியம் எண்டால் ஒரு அளவிருக்கு, பிள்ளை. பதினைஞ்சு நாளைக்குச் சொன்னதை நீ மூண்டு மாசம் இழுத்தால் நான் என்ன செய்யிறது?" பதினைந்து நாள் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. தங்கமுத்து அந்த இடத்தில் கத்திக் குளறியிருக்கலாம். கத்தினால் நம்புகிறவர் யார்? படலையைச் சாத்திவிட்டு வந்தாள்.

கரவெட்டியிலிருந்து தியாகராசாவின் தாய் செல்வநாயகி வந்து ஆசுபத்திரியில் மகனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள். தங்கமுத்து நாள்தோறும் சுன்னாகத்தில் ரயிலேறி, சிவப்பரிசிச் சோறும், பருப்பும், முருங்கையிலையும், முட்டையுமாகக் கட்டிக்கொண்டு போவாள். போகிற நேரம் அவன் சாப்பிட்டு முடித்திருப்பான். கட்டியது கட்டியபடி திரும்பி வரும். பதினோராம் நாள், செல்வநாயகி குழாயடிக்குப் போயிருந்த சமயம், தங்கமுத்து கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கதைத்தாள்.

"தம்பி, நான் உங்களுக்குச் சோறு போடேல்லையோ?"

அவன் திடுக்கிட்டு எழும்பப் பார்த்தான். முடியவில்லை. "போட்டியள் மாமி."

"ஊர் கதைக்கிறது உங்கடை காதுக்கு வரேல்லையோ? பட்டினி போட்டனாம். நீங்கள் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் காணும். அவ அப்பிடிச் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ."

தியாகராசா கால்களைப் பார்த்தான். நீர் வடிந்து, இரண்டும் கம்பு கம்பாகக் கிடந்தன. கோபமில்லாமல்தான் சொன்னான், கோபித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"மாமி, உங்கடை வீட்டிலை இருந்த அவ்வளவு நாளும் எனக்குப் பசி. வயிறு முட்டச் சாப்பிட்டிட்டுப் படுப்பன், படுத்தாலும் பசிக்கும். கனவிலை பருப்பு வரும். வாய் விட்டுக் கேட்டால் உங்களுக்கு மரியாதைக் குறைவு எண்டு கேக்காமல் இருந்திட்டன். உங்கடை மரியாதைக்காகக் காலைக் குடுத்தாச்சு. இப்ப அதுக்காகப் பொய்யும் சொல்லவோ?"

அவள் சாப்பாட்டுக் கட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, அங்கே வைத்தால் யாராவது என்ன நினைப்பார்களோ என்று எடுத்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் ரயிலில் அழுதாள். கேட்டவர்களுக்குக் கண்ணில் கரித்தூள் விழுந்தது என்றாள்.

ஆனி மாதம் அவனை வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். எந்த வீட்டுக்கு என்று யாரும் தங்கமுத்துவைக் கேட்கவில்லை. கரவெட்டி வண்டி அவளுடைய படலையில் வந்து நின்றது, பெட்டியையும் உடுப்புகளையும் ஏற்றுவதற்கு. தியாகராசா உள்ளே வைக்கோலில் சாய்ந்திருந்தான், இறங்கவில்லை. குணலட்சுமி தன்னுடைய சேலைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தபோதுதான் தாய்க்கு விளங்கியது.

"நீயுமோ?"

"அவருக்குச் சமைக்க வேணும் அம்மா" என்றாள் மகள். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

மாப்பிள்ளை வந்த நாளில் எட்டிப் பார்த்த அதே சனம் வேலிக்கு வேலி நின்றது. இரத்தினம்மா வேலிகளுக்கு இடையில் ஓடிய ஒழுங்கையின் நடுவிலேயே நின்றாள். பரியாரியாரும் நின்றார், வெற்றிலையோடு. வண்டிக்காரன் நுகத்தைப் பூட்டினான். செல்வநாயகி வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டித் தங்கமுத்துவின் கையைப் பிடித்தாள். கறுத்து மெலிந்த, காய்ப்பேறிய தோட்டக்காரியின் கை. அவளுடைய குரலில் நஞ்சு இல்லை. அன்பு இருந்ததா என்றும் சொல்லமுடியாது. சபைக்குச் சொல்வதைப் போல எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"சம்பந்தி, தனிய இருந்து என்ன செய்யப்போறியள்? ஒருநாளைக்கு எங்கடை வீட்டை வாருங்கோ. வயிறாரச் சாப்பிட்டிட்டு வரலாம்."

வேலியோரத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மூட்டை மூட்டையாய் வாங்கின அரிசி, பொறுக்கிய கல், கதவுக்குப் பின்னால் நின்ற நிலை, எல்லாவற்றையும் அந்த ஒழுங்கையில் கொட்டிவிடலாம் போலத் தங்கமுத்துவுக்கு இருந்தது. ஆனால் சம்பந்தி சாப்பிட வா என்று கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்லவும், எனக்கென்ன குறை என்று கேட்கவும் எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"ஓம், வாறன்" என்றாள்.